சாணைக்கல் காணாத பிள்ளைகள்



நம் மாணவர்களின் கட்டுரை ஏடுகளைத் திருத்துகின்ற எவருக்கும் பழகிப்போன தொடர்கள் சில உண்டு. "அறிவைத் தீட்டிக்கொள்ள வேண்டும்", "கூர்மையான சிந்தனை", "மழுங்கிய புத்தி"... மனப்பாடத் தொடர்கள்தாம், எனினும் பிழையற்றவை. மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆனால் தொடக்கநிலை ஆறில் பயிலும் பிள்ளைகளிடம் "கத்தி தீட்டுதல் என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். என் வகுப்பில் கிடைத்த விடைகளுள் ஒன்று, "கத்தியின் படத்தை வரைந்து வண்ணம் பூசுதல்" என்பது. இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஓவியம் தீட்டுவதை அப்பிள்ளை கண்டிருக்கிறாள். கத்தி தீட்டுவதைக் கண்டதேயில்லை. தெரிந்ததைக் கொண்டு தெரியாததற்குப் பொருள் கண்டாள். நல்ல மாணவி செய்ய வேண்டிய செயலைத்தான் அவள் செய்தாள். காணும் வாய்ப்பை அவளுக்குக் கொடுக்காதவர்கள் நாம்.

"மொக்கை" என்னும் சொல்லையும் பாருங்கள். சலிப்பூட்டும் படம், சலிப்பூட்டும் பேச்சு என்ற பொருளில் நம் பிள்ளைகள் அதனை நாள்தோறும் பயன்படுத்துகின்றனர். கூர் போன கத்தியை மொக்கை என்பார்கள் என்று சொன்னால் வியப்போடு பார்க்கின்றனர். உருவகம் மட்டும் எஞ்சி, உருவகத்தைப் பெற்ற பொருள் கண்ணை விட்டு மறைந்துவிட்டது.

நம் பிள்ளைகள் ஒரே ஒரு வெட்டுக்கருவியையாவது பேணவும் தீட்டவும் கற்க வேண்டும். அதனைத் தமிழ்ச் சொற்களோடு கற்க வேண்டும் என்பது என் கருத்து. உயர்நிலைப் பள்ளியின் தொடக்க ஆண்டுகளில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்றொரு பாடம் இருக்கின்றதே, தமிழாசிரியருக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அப்பாடம் ஆங்கிலத்தில் நடப்பது. அங்கே மாணவன் அரத்தைக் கையில் பிடிக்கிறான். அதன் பெயர் அரம் என்பது அவனுக்குத் தெரியாது. தமிழ் வகுப்பிலோ திருக்குறளின் 997ஆம் குறளில் அரத்தைப் படிக்கிறான். அது தான் நேற்றுப் பிடித்த கருவிதான் என்பது அவனுக்குத் தெரியாது. ஒரே பையன், ஒரே வாரம், இரண்டு அறைகள்! இவ்விரண்டு அறைகளுக்கும் இடையில் கதவு வைப்பது தமிழாசிரியரின் வேலையன்றி வேறு யாருடைய வேலை?

நம் ஊரில் இதற்குப் பாடநூல் தேவையில்லை. லிட்டில் இந்தியா இருக்கிறது. தேக்கா நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஆட்டிறைச்சிக் கடைகளும் மீன் கடைகளும் உள்ளன. இறைச்சி வெட்டுபவர் வேலைக்கு நடுவே நீண்ட எஃகுக் கோலில் கத்தியை இருபுறமும் நான்கைந்து முறை இழுத்துவிட்டு மீண்டும் வெட்டத் தொடங்குவார். அது தீட்டுதல் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அக்கோல் பெரும்பாலும் வளைந்துபோன விளிம்பை நேராக நிமிர்த்துகிறது. புதிய கூரை உண்டாக்குவது கல்தான். மேல்தளத்திற்குச் சென்றால் தையற்காரர்கள். அங்கே துணிக் கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கிக் காகிதம் வெட்ட முயன்று பாருங்கள், என்ன நடக்கிறதென்று தெரியும்! அவர் கடிந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. காகிதத்தில் வெண்மைக்காகவும் வழவழப்புக்காகவும் களிமண், சுண்ணம் போன்ற தாதுப்பொடிகளைச் சேர்க்கின்றனர். அப்பொடி அலகைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும்.

சாலையைக் கடந்து கேம்பல் லேன் பக்கம் வந்தால் பூமாலை கட்டுபவர்கள். நாரும் நூலும் காம்புச் சாறும் நாள் முழுவதும் அலகில் படிகின்றன. துடைக்காமல் விட்டால் மறுநாள் கத்தரிக்கோல் திறக்கவே மறுக்கும். சிராங்கூன் சாலை நகைக்கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளை எல்லாரும் பார்க்கிறோம். அவற்றுக்குப் பின்னால் பொற்கொல்லர் ஒருவரின் மேசையில் சிற்றுளிகளும் ஊசிமுனை போன்ற அரங்களும் இருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. பொன்னில் ஒளிவீசும் வெட்டு விழ வேண்டுமானால் உளியின் முனை கண்ணாடிபோல் இருக்க வேண்டும். உளியில் இருக்கும் கீறல் அப்படியே பொன்னில் பதிந்துவிடும். அரம் பொருத பொன் தேய்வதை வள்ளுவர் உட்பகைக்கு உவமையாக்கினார் (888ஆம் குறள்). அந்தத் தேய்மானப் பொடியை ஒரு துகளும் விடாமல் கூட்டி எடுக்கும் பட்டறையைக் கண்ட மாணவனுக்கு அக்குறளை விளக்கவே வேண்டாம்.

முடிதிருத்துபவர்களிடம் முன்பு சவரக்கத்தி இருந்தது. சுவரில் தோல் வார் தொங்கியது. ஒவ்வொரு முகத்திற்கும் முன் வாரில் நாலு இழுப்பு. இன்று நோய்த்தொற்றுக் கருதி ஒருமுறைக்கு ஓர் அலகு என்று மாற்றிவிட்டனர். அது சரியான மாற்றமே. அதற்காக நான் வருந்தவில்லை. எல்லாப் பழமையையும் காப்பாற்ற வேண்டும் என்று சொல்பவனல்லன் நான்.

சரி, தீட்டுதல் என்றால் என்னதான் நடக்கிறது? கூர் என்பது இரண்டு சரிவுகள் சந்திக்கும் கோடு. அக்கோடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு கூர். பயன்படுத்தப் பயன்படுத்த அக்கோடு உருண்டும் மடங்கியும் போகிறது. உருண்டுபோன பகுதியை இருபுறமும் தேய்த்து நீக்கினால் புதிய கோடு பிறக்கும். சமையற்கத்திக்கு ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 15 முதல் 20 பாகைச் சரிவு போதும். மரவேலை உளிக்கு மொத்தத்தில் 25 முதல் 30 பாகை. சரிவு குறைந்தால் கூர் மிகும், ஆனால் எளிதில் மடங்கும். மீன் செதுக்கும் கத்திக்கும் எலும்பு வெட்டும் கத்திக்கும் ஒரே கூர் இருக்க முடியாது என்பது இதனால்தான்.

கோணத்தை எப்படி அளப்பது? ஒரு தாளின் மூலையை எடுத்துக்கொள்ளுங்கள். அது 90 பாகை. ஒருமுறை மடித்தால் 45. இன்னொருமுறை மடித்தால் இருபத்திரண்டரை. அம்மடிப்பைக் கல்லின்மேல் நிறுத்தி, கத்தியை அதனினும் சற்றுத் தாழ்த்திப் பிடித்தால் கணக்குச் சரி. எழுதுமையால் அலகின் சரிவில் கறுப்பாகக் கோடிட்டு, கல்லில் ஒருமுறை தேய்த்துப் பார்த்தால், கறுப்பு எங்கே அழிந்ததோ அங்கேதான் கல் தொடுகிறது என்று தெரிந்துவிடும். விளிம்பருகில் அழியாமல் மேலே அழிந்திருந்தால் கத்தியைச் சிறிது நிமிர்த்த வேண்டும். ஒரு பக்கம் போதிய அளவு தேய்ந்ததும் மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அதுவே அடையாளம், பக்கத்தை மாற்றலாம். பிசிறு நீங்கும்வரை நயமான கல்லிலும், பின்னர் தோலிலோ மடித்த செய்தித்தாளிலோ இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. கல்லின் எண்ணை மட்டும் கவனித்து வாங்குங்கள்: 400 என்றால் முரடு, உடைந்த விளிம்பைச் சீராக்க, 1000 என்றால் வழக்கமான தீட்டலுக்கு, 3000க்கு மேல் என்றால் மெருகுக்கு. வீட்டுக்கு 1000 ஒன்றே போதும்.

வேகமாகச் சுழலும் மின்சாணையில் கொடுத்தால் ஒரு நொடியில் முடிந்துவிடுமே எனலாம். முடியும், கத்தியின் ஆயுளும் சேர்ந்து முடியக்கூடும். கரிமம் மிகுந்த எஃகின் மெல்லிய விளிம்பு சூடேறி நீலம் பூத்தால் அதன் பதம் போய்விட்டது என்று பொருள். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நில்லாது. அனுபவமுள்ள சாணைக்காரர் அடிக்கடி தண்ணீரில் தோய்ப்பது இதற்காகவே. முன்பு கம்பங்களிலும் பின்னர் வீவக அடுக்குமாடிகளின் கீழும் கத்தி, கத்தரிக்கோல் தீட்டக் கூவி வந்தவர்களைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருக்கலாம். அந்தக் கூவல் நின்று நெடுங்காலமாயிற்று.

கத்தரிக்கோலின் கதை வேறு. இரண்டு அலகுகளும் முழுநீளத்திற்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதாகவே பலர் நினைக்கின்றனர். நல்ல துணிக் கத்தரிக்கோலை மூடி வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் நடுவில் மெல்லிய இடைவெளி தெரியும். அலகுகள் சற்றே வளைந்தவை. வெட்டும்போது அவை ஒரு புள்ளியில் மட்டும் தொடுகின்றன. அப்புள்ளி மூட்டிலிருந்து முனை நோக்கி நகர்கிறது. ஆகவே அலகின் உட்பக்கத்தைக் கல்லில் சரித்துத் தேய்ப்பவர் அக்கத்தரிக்கோலைக் கொன்றுவிட்டார் என்றே கொள்ளலாம். தேய்க்க வேண்டியது வெளிச்சரிவை மட்டுமே. பல நேரங்களில் தீட்டவே வேண்டியதில்லை. தளர்ந்துபோன திருகாணியை இறுக்கினால் போதும். வட இந்தியாவில் மீரட் நகரத்துக் கத்தரிக்கோலுக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பழைய எஃகுக் கழிவிலிருந்து அலகு வடிப்பார்கள். தாத்தா வாங்கியதைப் பேரன் பயன்படுத்துவான் என்பது அதைப் பற்றிய வழக்கு. நாமோ இரண்டு மூன்று வெள்ளிக்கு வாங்கி, ஆண்டு முடிவில் குப்பையில் போட்டுவிட்டு, மறுபடியும் வாங்குகிறோம்.

ஆசிரியர்கள் இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறுவர்களுக்கான கத்தரிக்கோலில் முனை உருண்டிருக்க வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு. முனை உருண்டிருப்பது வேறு, அலகு மழுங்கியிருப்பது வேறு. அலகு மழுங்கினால் பிள்ளை வலிந்து அழுத்துகிறான், தாள் வழுக்குகிறது, கை விலகுகிறது, அப்போதுதான் காயம் படுகிறது. சமையலறையில் தக்காளித் தோலில் வழுக்கி விரலில் இறங்கும் கத்தியும் மொக்கைக் கத்திதான். கூரான கத்தி நினைத்த இடத்தில் இறங்கும். "ஆபத்து" என்று சொல்லி மழுங்கியதைக் கொடுப்பது பாதுகாப்பு ஆகாது.

இடக்கைப் பிள்ளைகளையும் நினைவில் வையுங்கள். வலக்கைக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால், கை தரும் அழுத்தம் அலகுகளை ஒன்றோடொன்று சேர்ப்பதற்குப் பதில் விலக்கிவிடும். தாள் வெட்டுப்படாமல் இடையில் மடங்கிக்கொள்ளும். "கைவேலையில் மந்தம்" என்று அப்பிள்ளையைப் பற்றி எழுதுவதற்கு முன், அலகுகள் எதிர்ப்புறமாக அமைந்த இடக்கைக் கத்தரிக்கோல் ஒன்றை வாங்கிக் கொடுத்துப் பாருங்கள்.

இனி, தமிழ் வகுப்பில் சொல்வதற்கென்றே இருக்கும் ஒரு செய்தி. உலகெங்கும் கூர் தீட்டப் பயன்படும் கற்களில் பெரும்பாலானவை அலுமினிய ஆக்சைடு என்னும் பொருளால் ஆனவை. இயற்கையில் அது கனிமமாகக் கிடைக்கும்போது ஆங்கிலத்தில் கொரண்டம் எனப்படுகிறது. அச்சொல் நம் குருந்தம் என்னும் சொல்லிலிருந்து சென்றது! சேலம், நாமக்கல் வட்டாரங்களில் கிடைப்பது. கடினத்தன்மையில் வைரத்துக்கு 10 என்றால் இதற்கு 9. பழைய சாணைச் சக்கரங்கள் குருந்தப் பொடியை அரக்கோடு சேர்த்து வார்க்கப்பட்டவை. இன்னும் ஒரு வியப்பு: மாணிக்கமும் நீலக்கல்லும் இதே கனிமத்தின் நிறம் கொண்ட வகைகள்தாம். தேக்காவில் கத்தி தீட்டும் கல்லும், எதிர்ச்சாரி நகைக்கடையில் பூட்டி வைத்திருக்கும் மாணிக்கமும் ஒரே குடும்பம். (சாணை என்ற சொல் வடமொழியிலிருந்து வந்தது என்பர், குருந்தத்தைப் பெருமையாகச் சொல்லும்போது இதையும் மறைக்காமல் சொல்லிவிடுவதுதான் நேர்மை.)

எஃகின் கதையும் அத்தகையதே. நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் அகழாய்வில் இரும்பு, எஃகு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்தன. தென்னிந்திய உருக்கு ஐரோப்பாவுக்கு ஊட்ஸ் என்னும் பெயரில் சென்றது. உக்கு, உருக்கு முதலான நம் பக்கத்துச் சொற்களின் திரிபு அது என்பர். இலண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவர் கத்திகளும் அறுவைக் கருவிகளும் செய்துவந்தார். இந்த உருக்கைப் பெரிதும் விரும்பியவர். மின்காந்தத் தூண்டலுக்காக நாம் அறியும் மைக்கேல் ஃபாரடே 1819இல் இந்த உருக்கை ஆராய்ந்து எழுதினார். 1820இல் இருவரும் சேர்ந்து எஃகுக் கலவைகள் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். ஃபாரடேயின் தந்தை ஒரு கொல்லர் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லலாம்.

தமிழ் இலக்கியத்தில் கருவிப் பராமரிப்பு பற்றிய மிகச் சிறந்த பாட்டு என்று நான் கருதுவது புறநானூற்று 95ஆம் பாட்டு. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் காண்கிறார். அங்குள்ள கருவிகள் மயிற்பீலியும் மாலையும் சூட்டப்பெற்று, நெய் பூசப்பெற்று, காவலுள்ள மனையில் இருக்கின்றன. அதியமானின் கருவிகளோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லனின் சிறுகொட்டிலில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் இகழ்ந்தார், இகழ்வதுபோல் புகழ்ந்தார் என்று அணி இலக்கணம் சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு அப்பாட்டில் கொல்லன் கொட்டில் முக்கியமாகப்படுகிறது. முறிந்ததைச் செப்பனிட ஒருவர் இருக்கிறார்; செப்பனிட்டதும் அது மீண்டும் வேலைக்குப் போகும்.

ஆயுத பூசை நாளில் நம் வீடுகளில் தொண்டைமான் கொட்டில்தான் காட்சியளிக்கிறது. மூன்று ஆண்டாகத் தீட்டாத அரிவாள்மனைக்குச் சந்தனப் பொட்டு! தையற்பெட்டியில் துரு ஏறிய கத்தரிக்கோலுக்குக் குங்குமம்! பொட்டு வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வைப்பதற்கு முந்தின நாள் துருவை நீக்கித் தீட்டி வைத்தால் அந்நாளுக்கு இன்னும் பொருள் இருக்கும். பூசை வழக்கம் இல்லாத முஸ்லிம், கிறித்துவக் குடும்பங்கள் பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமையை இதற்கு ஒதுக்கிக்கொள்ளலாம். கருவிக்கு எந்த நாளும் ஒன்றுதான். நம் ஊரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். கழுவிய கத்தியைத் துடைக்காமல் வைத்தால் விடிவதற்குள் புள்ளி விழும். தேங்காயெண்ணெய் தடவுகிறார்கள், அது நாளடைவில் சிக்குப் பிடிக்கும். தையல் இயந்திரத்திற்கு இடும் எண்ணெய் ஒரு சொட்டு இட்டுத் துடைத்துவிடுங்கள்.

பெற்றோர்கள் அஞ்சுவதை நான் அறிவேன். ஏழு வயதுப் பிள்ளையின் கையில் கத்தியைக் கொடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவ்வயதில் கத்தரிக்கோலில் ஒட்டுநாடாப் பசையைத் துடைக்கவும், காகிதத்துக்கு ஒன்று துணிக்கு ஒன்று என்று பிரித்து வைக்கவும், பிறருக்குக் கொடுக்கும்போது பிடியை முன்னால் நீட்டவும் பழக்கினால் போதும். பத்து, பதினொன்று வயதில் நீங்கள் தீட்டும்போது அருகில் நின்று பார்க்கட்டும். கல்லுக்குத் தண்ணீர் ஊற்றட்டும். உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றபின், ஈரத்துணியின்மேல் கல்லை நகராதபடி வைத்து, உங்கள் கண்முன்னே சிறு கத்தி ஒன்றைத் தீட்டட்டும். கூர் பார்க்கக் கட்டைவிரலைத் தடவும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள். தொங்கவிட்ட தாளை வெட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கல் வாங்க மனமில்லாதவர்கள் பீங்கான் குவளையைக் கவிழ்த்து, அடியில் மெருகில்லாத வளையத்தில் தேய்த்துப் பார்க்கலாம். அம்மியில் தேய்த்த பாட்டிமாரின் முறைக்கு அடுக்குமாடிப் பதிப்பு! இவற்றை எல்லாம் செய்யும்போது வாய் தமிழ் பேச வேண்டும் என்பதுதான் என் ஒரே வேண்டுகோள். அலகு, பிடி, விளிம்பு, சரிவு, பிசிறு, பதம், மழுங்கல், துரு. எட்டுச் சொற்கள் கையோடு பழகினால் ஏட்டில் எழுதும்போது தானே வரும்.

பழுது பார்க்கும் பழக்கத்தை இத்தீவில் மீட்க முயல்பவர்கள் இல்லாமல் இல்லை. 2014இல் தொடங்கிய ரிப்பேர் கோப்பித்தியாம் மின்பொருள்களையும் துணிகளையும் உரியவர்களே செப்பனிடக் கற்பிக்கிறது. தமிழ்ப் பள்ளிகளும் தமிழ் அமைப்புகளும் அவ்வழியில் ஏதேனும் செய்யலாம். ஆண்டுதோறும் ஏப்ரலில் தமிழ் மொழி விழா வருகிறது. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, மாறுவேடப் போட்டி என்று பட்டியல் நீள்கிறது. அவற்றுள் ஒன்றைக் குறைத்துவிட்டு, தேக்கா மேல்தளத்துத் தையற்காரர் ஒருவரையோ, பொற்கொல்லர் ஒருவரையோ பள்ளிக்கு அழைத்து, அவருடைய கருவிப்பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லலாம். மேடையோ ஒலிபெருக்கியோ வேண்டாம். ஒரு மேசையும், சுற்றிலும் இருபது பிள்ளைகளும் போதும். கருவியின் பெயர், அது மழுங்கினால் எப்படித் தெரியும், எதில் தீட்டுவார், எத்தனை ஆண்டுகளாக வைத்திருக்கிறார் என்று பிள்ளைகளே கேட்டு எழுதட்டும். அவ்வாரக் கட்டுரை அதுவாகவே இருக்கட்டும். தையற்காரரை அழைப்பதாக இருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள். ஏப்ரலில் அவருக்குச் சற்று ஓய்வு கிடைக்கலாம். தீபாவளிக்கு முன் போய்க் கேட்டால் ரவிக்கைத் துணிக் குவியலிலிருந்து தலைநிமிரவே மாட்டார்.